டிவிடெண்ட் 55 ரூபாய், எண்ணெய்க் கறை இலவசம்

2024 ஏப்ரல் கடைசியில் வணிகப் பக்கங்களில் ஒரு செய்தி வந்தது. மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், நம் ஊர் வாயில் சிபிசிஎல், 2023-24 நிதியாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 55 ரூபாய் டிவிடெண்ட் தரப் பரிந்துரைத்திருக்கிறது என்ற செய்தி. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு 55 ரூபாய். மொத்தப் பங்குகள் சுமார் 14.89 கோடி. பெருக்கிப் பாருங்கள் தோழர்களே, 800 கோடியைத் தாண்டும்.

அதே நிதியாண்டுக்குள்தான் 2023 டிசம்பரும் வருகிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்த மாதம் அது. எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. முகத்துவாரத்தில் எண்ணெயில் ஊறிய கூழைக்கடாக்கள். எண்ணெய் அந்த நிறுவன வளாகத்திலிருந்து வந்தது என்று மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. எங்கள் குழாய் எதுவும் உடையவில்லை என்றது நிறுவனம். தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 மற்ற குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. கூட்டினால் 8 கோடியே 68 லட்சம்.

ஒரு பக்கம் 800 கோடிக்கு மேல், இன்னொரு பக்கம் 8.68 கோடி. ஒரே ஊர், ஒரே நிதியாண்டு. இந்த இரண்டு எண்களையும் ஒரே செய்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த வணிகப் பக்கம் ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை. முதல் எண் வணிகச் செய்தி. இரண்டாவது எண் மாவட்டச் செய்தி. நடுவில் ஒரு மதில். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எழுப்புவார்களே, அதே மதில்தான். இங்கே செய்தித்தாளின் பக்கங்களுக்கு நடுவில் எழுப்பியிருக்கிறார்கள். (வலையும் படகும் தன் பெயரில் இல்லாமல், சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் குடும்பங்கள் அந்த 8.68 கோடியில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி மாவட்டப் பக்கத்திலேயே ஓரமாகத்தான் வந்தது.)

மணலி புதுநகரிலிருந்து எழுதுகிறோம். பூண்டி ஏரி உபரி நீரைத் திறந்தால் 2015-லும் 2021-லும் 2023-லும் முதலில் மூழ்கிய பகுதி. வல்லூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஒரு பக்கம், மணலி ஆலைகளின் தீக்கொழுந்து மறுபக்கம், நடுவில் இரவு பகலாக கன்டெய்னர் லாரி வரிசை. இந்தியாவின் வணிகச் செய்தி என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் கச்சாப் பொருள் எங்கள் தெருமுனையில்தான் உற்பத்தியாகிறது. ஆனால் அந்தச் செய்தியில் வடசென்னை என்பது சுத்திகரிப்புத் திறன், சரக்கு டன், மெகாவாட். ஆட்கள் வந்தால் இரண்டே வடிவத்தில்தான் வருவார்கள்: திட்டத்தைத் தாமதப்படுத்துகிறவர்கள், அல்லது ‘தொழிலாளர் செலவு’.

மொழியைக் கவனியுங்கள். எண்ணெய்க் கசிவு நடந்த அதே டிசம்பரில், 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறியது. மூச்சுத் திணறி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவனத்தின் அறிக்கை என்ன சொன்னது? குழாயில் ஓர் அசாதாரண நிலை கவனிக்கப்பட்டது, குறைந்த நேரத்தில் சரிசெய்யப்பட்டது, உள்ளூர்வாசிகள் சிலர் அசௌகரியம் தெரிவித்தார்கள், அவ்வளவுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு அசௌகரியம் என்று பெயர். வணிக நிருபருக்கு இந்த அறிக்கை வந்ததும் முதல் கேள்வி, ஆலை எத்தனை நாள் மூடியிருக்கும், காலாண்டு லாபம் எவ்வளவு குறையும் என்பது. பெரியகுப்பத்துக்கு வண்டியெடுக்க வேண்டும் என்பது அவருடைய வேலைக் குறிப்பிலேயே இல்லை. அவரைத் தனியாகத் திட்டிப் பயனில்லை. அந்தத் தொழில் பிறந்த விதம் அப்படி.

பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். 1734 வாக்கில் லண்டனில் தொடங்கிய ‘லாயிட்ஸ் லிஸ்ட்’ உலகின் மிகப் பழைய வணிகச் செய்தித்தாள்களில் ஒன்று. எந்தக் கப்பல் கிளம்பியது, எது வந்து சேர்ந்தது, எது மூழ்கியது என்று காப்பீட்டு வியாபாரிகளுக்குச் சொல்வது அதன் வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களின் போக்குவரத்தும் அதில் சரக்குக் கப்பல் செய்தியாகவே பதிவானது. அடிமை வணிக வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பழைய தாள்களைப் புரட்டித்தான் கணக்கெடுக்கிறார்கள். மனிதர்கள் சரக்காக இருந்த காலத்தில் வணிகச் செய்தி அவர்களைச் சரக்காக எழுதியது. எண்ணிக்கையில் பிழை இல்லாமல், துல்லியமாக.

இந்தியாவுக்கு வந்தபோதும் அது யாருக்காக வந்தது? 1888-ல் கல்கத்தாவில் ‘கேப்பிடல்’ வார இதழ், வெள்ளைக்கார சணல், தேயிலை, நிலக்கரி முதலாளிகளுக்கு. 1943-ல் ‘ஈஸ்டர்ன் எகனாமிஸ்ட்’, பிர்லா குழுமத்திலிருந்து. 1961-ல் ‘எகனாமிக் டைம்ஸ்’, ‘ஃபைனான்ஷியல் எக்ஸ்பிரஸ்’. 1975-ல் ‘பிசினஸ் ஸ்டாண்டர்டு’. 1991-க்குப் பிறகு பங்குச் சந்தை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குள் வந்ததும் பத்திரிகைகள் பெருகின. 1994 ஜனவரியில் சென்னையிலிருந்தே ‘பிசினஸ் லைன்’. 1999-ல் சிஎன்பிசி தொலைக்காட்சி, திரையின் அடியில் ஓடும் பங்கு விலைப் பட்டையோடு. ஒவ்வொரு கட்டத்திலும் வாசகர் என்று மனதில் இருந்தவர் முதல் போடுகிறவர். வேலை செய்கிறவரும் ஆலைக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறவரும் அந்த வாசகர் பட்டியலில் எப்போதும் இல்லை.

பிறகு ஒரு படி மேலே போனார்கள். 2000-களின் நடுவில் டைம்ஸ் குழுமம் ‘பிரைவேட் ட்ரீட்டி’ என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்குவதற்குப் பதில், கம்பெனியின் பங்கையே வாங்கிக்கொள்வது. பங்கு விலை ஏறினால் பத்திரிகைக்கு லாபம். அந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுவதும் அதே பத்திரிகை. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 2010-ல் செபி தலையிட்டு, பங்கு வைத்திருக்கும் ஊடகம் அதை வெளியில் சொல்லியாக வேண்டும் என்றது. இப்போது அந்தச் சுற்றுவழியும் தேவைப்படவில்லை. 2014-ல் சிஎன்பிசி டிவி18-ஐ வைத்திருந்த நெட்வொர்க்18 ரிலையன்ஸ் கைக்குப் போனது. 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி கைக்குப் போனது.

இது நமக்கு டெல்லிச் செய்தி இல்லை. மணலி புதுநகரிலிருந்து வடக்கே போனால் வரும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் எல் அண்டு டி-யிடமிருந்து அதானிக்கு மாறியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க, 50,000 கோடிக்கு மேல் செலவாகும் ஒரு திட்டம் போட்டார்கள். எண்ணூர், பழவேற்காடு மீனவர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் ஒருமுறை, 2023 செப்டம்பரில் ஒருமுறை தேதி குறித்துத் தள்ளிப்போனது. இன்று ‘என்டிடிவி பிராஃபிட்’ என்ற வணிக அலைவரிசை யாருடையது? துறைமுகம் யாருடையதோ அவருடையது. அந்த விரிவாக்கத்தால் கொற்றலையாற்று முகத்துவாரம் என்னவாகும் என்று அந்த அலைவரிசை நிருபரை அனுப்பும் என்று நீங்கள் நம்பினால், உங்கள் வெள்ளை மனசுக்கு நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. வெளியில் இருந்து எழுதினாலும் நிலைமை இதுதான்: 2017-ல் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’ அதானி குழுமம் பற்றிய கட்டுரையை வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு இணையத்திலிருந்து எடுத்தது, ஆசிரியர் பரஞ்சோய் குஹா தாகுர்தா பதவி விலகினார்.

சரி, எழுதுகிறவர்கள் யார்? 1996-ல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல் ‘பயனியர்’ நாளிதழில் அதைக் கட்டுரையாக எழுதினார். பத்து வருடம் கழித்து, 2006-ல், டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். பட்டியல் சாதியினர் ஒருவர் இல்லை, பழங்குடியினர் ஒருவர் இல்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து பார்த்தபோது, 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினரிடம். நம்மவர் எண்ணிக்கை அப்போதும் பூஜ்யம்.

இப்போது எதிர் நாற்காலியைப் பாருங்கள், வணிக நிருபர் பேட்டி எடுக்கும் நாற்காலியை. நாட்டின் 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-ல் அதே வீக்லியில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 93 சதவீதம் முற்பட்ட சாதியினர். எஸ்.சி., எஸ்.டி. இரண்டும் சேர்ந்து 3.5 சதவீதம். ஆக, கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரக்கூடியவர்கள். இதைத்தான் ‘நடுநிலையான வணிக இதழியல்’ என்கிறார்கள். ‘தகுதி’ என்பதும் இதைத்தான்.

தகுதியைப் பற்றிப் பேசுவதென்றால் ஒருவரை நினைவுபடுத்துவோம். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு, பரோடாவில் தங்க வீடு கிடைக்காமல் பம்பாய் திரும்பிய இளைஞர் ஒருவர், பங்கு முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள். நடத்துகிறவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவது நின்றது. கடையை மூட வேண்டியதாயிற்று. அந்த இளைஞர்தான் 1923-ல் ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற நூலை வெளியிட்டார். நாணயக் கொள்கை பற்றிய ஹில்டன் யங் ஆணையம் அவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. அவர் 1920-ல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, காசு தருகிறோம், விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் ‘கேசரி’ மறுத்தது. சந்தை எல்லோருக்கும் பொது, பணத்துக்குச் சாதி கிடையாது என்று வணிகப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் அண்ணலின் வாழ்க்கையிலிருந்து இந்த இரண்டு சம்பவங்களை மட்டும் படித்தால் போதும். வாடிக்கையாளரும் சாதி பார்த்தார், விளம்பரம் வாங்குகிறவரும் சாதி பார்த்தார்.

தமிழ் வணிக இதழியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாணயம் விகடன், இந்து தமிழின் வணிக வீதி எல்லாம் வந்த பிறகு, ஆங்கிலம் தெரியாதவருக்கும் மியூச்சுவல் ஃபண்டு புரிந்தது. அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் மிச்சம் வைத்திருப்பவருக்கான இதழியல் அது. மிச்சம் இல்லாதவர் கையிலிருந்து பிடுங்கியவர்களைப் பற்றி, பிடுங்குவதற்கு முன்னால் எழுதியது குறைவு. 1990-களில் அனுபவ் போன்ற நிதி நிறுவனங்களின் தேக்கு மர விளம்பரங்கள் தாராளமாக வந்தன. மூழ்கிய பிறகு மூழ்கிய செய்தியும் வந்தது. 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குச் சட்டம் போட்டும், 2022-ல் ஆருத்ரா வெடித்தபோது சுமார் ஒரு லட்சம் பேரின் 2,400 கோடிக்கு மேல் போயிருந்தது. மாதம் 25, 30 சதவீதம் வட்டி எந்தத் தொழிலில் வரும் என்று ஒரு நிருபர் முன்னாலேயே பக்கம் நிறையக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால்? கணக்குத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

இங்கே சில தோழர்கள் குறுக்கிடுவார்கள். பங்குச் சந்தை சூதாட்டம், வணிகப் பத்திரிகை முதலாளியின் பத்திரிகை, நமக்கு அது எதற்கு, நாம் வன்கொடுமைச் செய்தியைப் பார்ப்போம் என்று. எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. கொஞ்சமும் இல்லை.

வன்கொடுமை வேறு, வணிகம் வேறு என்று பிரித்தது யார்? 1892-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மூன்று கறுப்பின ஆண்களை வெள்ளைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம் மளிகைக் கடை வைத்தது. எதிர்க்கடை வெள்ளைக்காரருக்கு வியாபாரம் படுத்தது. அதே ஊரில் சிறு பத்திரிகை நடத்திய ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண், கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் ‘மானம்’ கதைகளைத் தள்ளிவைத்துவிட்டு, கறுப்பர் கையில் சேரும் சொத்தை அழிப்பதுதான் நோக்கம் என்று ஆதாரத்தோடு எழுதினார். ஊரை விட்டுக் கிளம்புங்கள், டிராம் வண்டியில் ஏறாதீர்கள் என்றார். வருமானம் குறைந்து டிராம் கம்பெனி அதிகாரிகளே அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார்கள். பிறகு அவர் அச்சகத்தை நொறுக்கினார்கள். அதை வன்கொடுமைச் செய்தி என்பீர்களா, வணிகச் செய்தி என்பீர்களா?

இப்போது 2012 நவம்பர் 7-ஐ நினைத்துப் பாருங்கள். தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் திருமணம் என்று காரணம் சொன்னார்கள். எரிந்தது 250-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த நகை, பணம், பைக், பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ். ஒரு தலைமுறையின் மூலதனத்தை ஒரே மாலையில் பூஜ்யமாக்கிய நிகழ்வு அது. ஐடா வெல்ஸ் தருமபுரிக்கு வந்திருந்தால், முதலில் எரிந்த வீடுகளில் இருந்த பொருட்களின் விலைப் பட்டியலைத்தான் எடுத்திருப்பார்.

இன்னொரு ஐடாவும் இருக்கிறார், ஐடா டார்பெல். பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பகுதியில் வளர்ந்தவர். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயிலால் நொடித்துப்போன சிறு வியாபாரி ஒருவரின் மகள். 1902 முதல் 1904 வரை தொடராக எழுதினார். நீதிமன்ற ஆவணங்கள், விசாரணை அறிக்கைகள், கம்பெனியின் சொந்தக் காகிதங்கள், இவைதான் அவருடைய ஆயுதம். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் துண்டு துண்டாக உடைத்தது. எண்ணெய் ஊர்க்காரி எழுதியது! நம் நாட்டிலும் 1992 ஏப்ரலில் ஹர்ஷத் மேத்தாவின் வங்கி மோசடியை வெளியில் கொண்டுவந்தது சுசேதா தலால் என்ற வணிக நிருபர்தான். இந்தத் தொழிலால் முடியும். யாருக்காகச் செய்வது என்பதில்தான் சண்டை.

எழுதப்படாத செய்தி என்ன செய்யும் என்பதற்கு மணலியே சாட்சி. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஐந்து வருடம் கிடந்தது. 2020 ஆகஸ்டு 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், நமக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்தது. அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். சென்னையில் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் எந்தச் சரக்கோடு நிற்கிறது என்று அன்றாடம் அச்சடித்து விற்கும் நகரம் இது.

ஆகவே தோழர்களே, குறிப்பாகக் கல்லூரியில் வணிகவியல், பொருளியல் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஆவணம் திறந்துதான் கிடக்கிறது. சிபிசிஎல், கோரமண்டல், மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் எல்லாமே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள். ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம். 2022-23 முதல் முதல் 1,000 நிறுவனங்கள் ‘பிஆர்எஸ்ஆர்’ என்ற பொறுப்பு அறிக்கையும் தந்தாக வேண்டும் என்பது செபி விதி. நிரந்தரத் தொழிலாளி எத்தனை, மற்றவர்கள் எத்தனை, குறைந்தபட்சக் கூலி மட்டும் வாங்குகிறவர் எத்தனை, விபத்தில் இறந்தவர் எத்தனை என்று கட்டம் கட்டமாக வரும். பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேட்கிறது; சாதிக்கு மட்டும் கட்டம் இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் நிரந்தர ஊழியர்களில் எஸ்.சி., எஸ்.டி. எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சொல்கின்றன. ஆனால் டேங்க் கழுவுகிறவர், மூட்டை தூக்குகிறவர், கழிவு அள்ளுகிறவர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுடைய சாதி எந்தக் காகிதத்திலும் ஏறாது. ஏறாததால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை மறக்கவில்லைதானே? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டம். சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள் 16,950-க்கு இறங்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனிக்கு அது ‘ஆர்டர் வின்’. குறைந்த அந்த 6,000 ரூபாய் எந்த லாபக் கணக்கில் போய் உட்காரும் என்று பின்தொடர்ந்து போவதுதான் வணிக இதழியல். நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப் போனதை மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான் எழுதியிருக்கிறோம். அரசின் கணக்கும் அப்படித்தான். சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று நாற்பது வருடத்துக்கு மேலாக நம் பெயரில் பணம் ஒதுக்குகிறார்கள். 2024-ல் தமிழ்நாட்டில் அதற்கென்று சட்டமே வந்தது. பட்ஜெட் நாளன்று வருமான வரிக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு நாலு வரி ஒதுக்குவதில்லை. அந்தப் பணம் எந்தத் துறையில், எந்தத் தலைப்பில், எவ்வளவு செலவானது என்று நம் பிள்ளைகள் வருடாவருடம் எடுத்து எழுத வேண்டும்.

1907-ல் ராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் கொண்டுவந்த இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையைத் தலைப்பிலேயே எழுதிய பத்திரிகை நம்முடையது. காசு பற்றிப் பேச நமக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

உடனே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். ஒரு கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயர் பதிந்து கேள்வி கேட்கலாம். கூட்டம் காணொளியில் நடந்தால் பேச்சின் எழுத்துப் பதிவைக் கம்பெனி தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து மணலிக் கம்பெனி ஒன்றில் ஒரு பங்கு வாங்குங்கள். ஆண்டறிக்கையை உட்கார்ந்து படியுங்கள். பிறகு இதை மட்டும் கேளுங்கள்: உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேர் பட்டியல் சாதியினர், அவர்களில் எத்தனை பேர் பத்து வருடத்துக்கு மேலாக ஒப்பந்தத்திலேயே இருக்கிறார்கள்? பதில் வந்தாலும், மழுப்பினாலும், அந்தப் பதிவைத் தரவிறக்கி எங்களுக்கு அனுப்புங்கள். வார்த்தை மாற்றாமல் வெளியிடுகிறோம்.